கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் ஞானசேகரனுக்குப் பேச்சு திக்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எந்த எழுத்தில் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. மற்றபடி தங்கமான மனுஷன். நான் வீணா, காக்ஸ் டவுனில் நர்சரி டீச்சர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய பேச்சைக் கடவுள் என் ஒருத்தியிடமே கொட்டிவிட்டார் என்று என் நாத்தனார் சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கட்டாத வீட்டைக் கட்டியதுபோல் கம்ப்யூட்டரில் காட்டுவது அவருடைய தொழில். கிச்சன் எப்படி இருக்கும், ஜன்னல் வழியாக வெயில் எங்கே விழும் என்று வீடியோவாக ஓடவிடுவார். முன்பு தொம்மலூரில் ஓர் இன்டீரியர் கம்பெனியில் இருந்தார். முதலாளி ரவிக்குமார் கஸ்டமர்கள் முன்னால் இவரை நிற்கவைத்துப் பேசச் சொல்வான். இவர் திக்கினால் அதேபோல் திக்கிக் காட்டிச் சிரிப்பான். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே நல்ல கம்ப்யூட்டர் ஒன்று போட்டு, மெயிலிலும் வாட்ஸப்பிலும் ஆர்டர் வாங்க ஆரம்பித்தார். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. அதற்கப்புறம்தான் மனுஷன் முகத்தில் களையே வந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிரே அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டுதான். அது இல்லாவிட்டால் ஒரு வீடியோவும் நகராது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வெளிப்பெட்டிக்குப் பொட்டு வைப்பார்கள். இவர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டின் முதுகுப்புறம் இருக்கும் இரும்புத் தகட்டில் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

"உ... உழைக்கிறது இதுதானே வீணா, டப்பாவுக்கு எதுக்குப் பொட்டு?"

நியாயம்தானே என்று நானும் கற்பூரம் காட்டினேன்.

பொங்கல் முடிந்த கையோடு திரையில் கோடு கோடாக வந்தது. பிறகு கோடும் போய் ஒரே கறுப்பு. வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அங்கேதான் சனி பிடித்தது.

கார்டு கம்பெனியின் ஹெல்ப்லைனுக்கு அடித்தால் மனுஷர் எடுப்பதில்லை, மெஷின் எடுக்கும். உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று தேன் ஒழுகக் கேட்கும். இவர் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் மன்னிக்கவும், புரியவில்லை என்று வைத்துவிடும். "இந்த மெஷின் ரவிக்குமாருக்குத் தம்பியா இருக்குமோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மெயில் எழுதினார். கார்டில் ஒரு விசிறி நின்றுவிட்டது, சூடேறித்தான் போயிருக்கிறது என்று விவரமாகவே எழுதினார். சர்வீஸ் சென்டரில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். அப்புறம் மூச்சுப்பேச்சு இல்லை. கடைசியில் கார்டின் போட்டோவோடு ஒரு மெயில் வந்தது. நாங்கள் வைத்த பொட்டைச் சுற்றி வட்டம் போட்டு, திரவம் பட்டுத் துருப்பிடித்திருக்கிறது, வாரண்டி செல்லாது என்று எழுதியிருந்தது. குங்குமத்தைத் துரு என்று கண்டுபிடித்த புண்ணியவான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ!

புதிய கார்டு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. வந்த ஆர்டர்களும் வேறு ஆட்களிடம் போக ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "திங்கக்கிழமையிலேருந்து ர... ரவிக்குமார் கிட்டயே வரேன்னு சொல்லிட்டேன்."

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். மறுநாள் ஸ்கூலுக்கு லீவு சொன்னேன்.

"கிளம்புங்க. அந்த சென்டருக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

கவுன்டரில் இருந்த என்ஜினியர் பெயர் நாகேஷ். கன்னடக்காரர், தமிழும் பேசினார்.

"நானு ஏனு மாட்லி மேடம், நான் என்ன பண்றது? நாங்க போட்டோ எடுத்து மேல அனுப்புவோம், அவ்ளோதான். ரிஜெக்ட்னு வந்துட்டா நம்ம கையில ஒண்ணும் இல்லே."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் என் பார்வை போனது. விட்டேனா?

"அய்யோ சாமி! உங்க கம்ப்யூட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவர் டப்பாவுக்கும் பொட்டு! இதெல்லாம் துருவா சார்? நீங்க வெச்சா பூஜை, நாங்க வெச்சா திரவமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நாகேஷுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்தால் வாரண்டி வந்துவிடுமா? "நீங்க சொல்றது நிஜம் மேடம், ஆனா சிஸ்டம்ல..." என்று மறுபடியும் பழைய பாட்டையே பாடினார்.

அப்போது இவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், அதை தி... தி..."

திருப்பிக் கொடுங்க என்று கேட்கப்போகிறார் என நினைத்து, நானே முடித்துவைக்க வாயெடுத்தேன். நாகேஷ் கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். இவர் முகத்தையே பார்த்தபடி அமைதியாக நின்றார்.

"தி... திறந்து பாத்தீங்களா சார்? பொட்டு வெளித் தகட்டுலதான் இருக்கு. உள்ள ஒரு சொட்டு இருந்தாலும் நா... நான் பேசாம போயிடறேன். அந்த ஃபேனைக் கொஞ்சம் சுத்திப் பாருங்க."

யாருமே திறந்து பார்த்திருக்கவில்லை! நாகேஷ் கார்டைக் கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரிலேயே தகட்டைக் கழற்றினார். அடியில் பளிச்சென்று இருந்தது. விசிறியை விரலால் தள்ளினார், அசையவில்லை.

"இது கம்பெனி தப்பு சார்," என்றார்.

புதிதாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். மேலிடத்துக்குப் போன் போட்டுப் பொட்டு என்றால் என்ன என்று இங்கிலீஷில் பாடம் நடத்தினார். மத்தியானம்வரை எங்களை உட்காரவைத்து, ஒப்புதல் வந்ததும் ஸ்டாக்கில் இருந்த புதுக் கார்டைக் கையிலேயே கொடுத்தார். அப்பாடா! அத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது.

வெளியே வந்ததும், "போனைக் குடுங்க, அந்த ரவிக்குமாரை நான் நாலு வார்த்தை கேக்கறேன்," என்றேன்.

"வேணாம் வீணா. நானே பே... பேசறேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், திங்கக்கிழமை நான் வ... வ..."

"வ... வ... வர்றியா?" என்று அந்தப் பக்கம் சிரிப்பு.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் அவசரப்படவில்லை. அந்த ஆள் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"வ... வரல சார். இனிமே எப்பவும் வ... வரல."

போனை வைத்தார். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன்.

"ப... பஸ் வருது வீணா," என்று என் கையைப் பிடித்தார். "ஏறி உக்காந்து அழு."