மத்தியானம் தவறாமல் அழிந்த எழுத்துகள்

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். மற்றவர்களுக்கு அதைத் தொடப் பயம். எனக்குப் பயமில்லை. என் புருஷன் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எதைத் தொட்டாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

கம்பெனிக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் உண்டு. அங்கே ஆபீசு ஜன்னலில் வெளியே பார்த்தமாதிரி ஒரு திரையை வைத்தார்கள். போடியில் நான் அடிப்பது டெலிபோன் கம்பி வழியாகப் போய் அதில் தெரியும். நாளைக்கு எந்தக் காட்டில் காய் எடுப்பு, சாயங்காலம் எத்தனை ஜீப்பு வரும் என்பதை வேலையாட்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திரைக்குள் இருந்தது இங்கிலீஷ் எழுத்து மட்டும். தமிழ் வேண்டுமென்றால் எழுத்தை நாம்தான் செய்து அனுப்ப வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக நான் வரைந்தேன். தொண்ணூற்றுச் சொச்சம் எழுத்துக்குத்தான் இடம். அதனால் கொம்பைத் தனியாக, காலைத் தனியாக வரைந்து ஒட்டவைத்தேன். ‘ஞ’வை மட்டும் ஏழு தடவை அழித்தேன். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் உட்கார்ந்து வேறு என்ன செய்வது?

காலையில் எழுத்துகளை மேலே அனுப்பினால் தமிழ் சுத்தமாகத் தெரியும். மத்தியானம் ஒரு மணி வாக்கில் எஸ்டேட் கிளார்க் போன் பண்ணுவார்.

“தாயி, எழுத்து போச்சு. இங்கிலீசும் கமாவும் கேள்விக்குறியுமா மேயுது.”

திரும்ப அனுப்புவேன். வந்துவிடும். மறுநாள் மத்தியானம் மறுபடியும் போகும். சில நாள் இரண்டு மூன்று தடவை போகும். மத்தியானம் மட்டும் தவறவே தவறாது. மூன்று வாரம் இப்படி. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் கம்பியில் இரைச்சல் என்றார். மலை ஏறினால் வாந்தி வரும் என்று மேலே போகவே இல்லை. முதலாளி நான் வரைந்ததுதான் சரியில்லை என்றார்.

“சனிக்கெழம வரைக்கும் பாப்பேம்மா. அப்பவும் கிறுக்கிக்கிட்டே இருந்தா கம்ப்யூட்டர மதுரைக்கே அனுப்பிருவேன்.”

“அப்ப நான்?”

“டைப்படிக்கத்தான் வேற பொண்ணு வந்துருச்சே” என்றார்.

வேலை போனால் சிலமலைக்குப் போக வேண்டும். அங்கே என் புருஷனின் அண்ணன் வீடு. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வாடகை அறை வாசலில் வந்து நிற்பார். “எத்தன நாளைக்கு இங்கன ஒத்தையில கெடப்ப? வீட்டுக்கு வா. மாட்டப் பாரு, தோட்டத்தப் பாரு, ஒரு மூலையில இரு” என்பார். கெட்ட மனிதரில்லை. ஆனால் அந்த மூலை எனக்குத் தெரியும். போனால் திரும்பி வர முடியாது. எனக்கு அப்போது எந்த ஆசையும் இல்லை. அந்த மூலை வேண்டாம் என்பது மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை வேலையாட்கள் ஜீப்பில் நானே மேலே போனேன். ஐப்பசி மழை. பத்தாவது வளைவுக்கு முன்னால் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். பின்னால் அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பெண்கள் கப்சிப்பென்று ஆனார்கள். அங்கேதான் என் புருஷன் வந்த ஜீப்பு கீழே போனது.

“எதுக்குண்ணே மெதுவாப் போறீக?”

“இல்ல தாயி... வளைவு.”

“எல்லாம் வளைவுதான். வெரசாப் போங்க. சோலி கெடக்கு.”

நான் பள்ளத்தைப் பார்த்தேன். மூட்டம் இருந்தது. வேறொன்றுமில்லை. அழுவேன் என்று எல்லாரும் காத்திருந்தது எனக்கு எரிச்சலாக வந்தது.

எஸ்டேட் ஆபீசில் கிளார்க் மப்ளர் சுற்றிக்கொண்டு இருந்தார். ஐம்பது வயது இருக்கும். “சாயா குடி தாயி” என்றார். குடித்தேன். போடியிலிருந்து புது டைப்பிஸ்ட் பெண் அனுப்பிய எழுத்துகள் திரையில் நன்றாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தேன். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டரைக்குக் கிளார்க் எழுந்து ஒரு கம்பளியை எடுத்தார். பிளக்கைப் பிடுங்கினார். திரையைக் கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

“எங்கண்ணே கொண்டு போறீக?”

“ஸ்டோருக்கு. காய வைக்கத்தான்.”

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை உலர்த்தும் சூட்டறை. மழைக்காலத்தில் மலையில் எதுவும் காயாது. சட்டை, தீப்பெட்டி, நோட்டு எல்லாம் ஸ்டோருக்குப் போய்த்தான் வரும். திரையும் தினம் அரைமணி நேரம் போய் வந்துகொண்டிருந்தது.

“இத ஏண்ணே ஒரு நாளும் சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“பிளக்கப் பிடுங்குறதுனாலதான் எழுத்து போகுது.”

“அது எப்படிப் போகும்? ரேடியோவும் தெனம் இங்கனதான் காயுது. அது பாட்ட மறந்துருச்சா?”

ஸ்டோர் வாசலில் காய் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். “ஏலக்காய் எழுத்துண்ணே, காய வச்சா உதுந்துரும்” என்றாள் ஒருத்தி. இன்னொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று முகம் அசையவில்லை.

சொன்னால் நம்ப மாட்டார் என்று செய்தே காட்டினேன். திரையைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினோம். கமாவும் கேள்விக்குறியும் நின்றன. போடிக்குப் போன் பண்ணி எழுத்துகளை அனுப்பச் சொன்னேன். தமிழ் வந்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். தமிழ் போய்விட்டது. இன்னொரு தடவை செய்தேன். அதேதான். நாம் அனுப்பும் எழுத்து கரண்டு இருக்கிற வரைக்கும்தான் அதற்குள் நிற்கும். இதை அந்த இன்ஜினியர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூலி வாங்கினான், வாயைத் திறக்கவில்லை.

கிளார்க் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். “நல்லதுன்னு நெனச்சுத்தான் தாயி செஞ்சேன். ஈரத்துல பூசணம் பூத்துப்போகுமேன்னு.”

“தெரியுதுண்ணே. இனிமே பிடுங்காதீக.”

“அப்ப ஈரம்?”

அவரே ஒரு பலகைப் பெட்டி அடித்து, திரையை அதில் வைத்து, பக்கத்தில் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டார். அதுபோதும் என்றார். போதும்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் போன் வரவில்லை. இரண்டு மணிக்கு வந்தது.

“நான் தொடல தாயி. சத்தியமா. கரண்டு போயிட்டு வந்துச்சு.”

எழுத்துகளை அனுப்பினேன்.

சனிக்கிழமை முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். திரை நன்றாக இருக்கிறது, எழுத்தும் நன்றாக இருக்கிறது, கரண்டு போனால் எழுத்து போகும், வந்ததும் யாராவது திரும்ப அனுப்ப வேண்டும், இதற்கு மருந்து கிடையாது என்றேன்.

“மலையில கரண்டு போகாத நாளு ஏதும்மா?”

“கிடையாது.”

“புதுப்பிள்ள அனுப்புமா?”

“அனுப்பும். வியாழக்கிழம அனுப்புச்சு. ஒரு எழுத்து கோணலா விழுந்தா அதுக்குச் சரிபண்ணத் தெரியாது.”

“அப்ப நீயே உக்காரு” என்றார்.

சந்தோஷப்பட்டதாக எழுதினால் பொய். வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்தேன். அந்தத் திரை ஒழுங்காக ஞாபகம் வைத்திருந்தால் எனக்கு அங்கே வேலையில்லை. அவ்வளவுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புருஷனின் அண்ணன் வந்து நின்றார். “என்ன சொல்ற?” என்றார்.

“வர முடியாது மாமா. மலையில கரண்டு போகுது.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கவும் எனக்குத் தெம்பில்லை. கொண்டுவந்த பச்சைமொச்சையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

“தாயி, போயிட்டு வந்துருச்சு.”

“அனுப்புறேண்ணே” என்றேன்.