பூஞ்சணம் பிடித்த இங்கிலாந்து

நான் எழுதிய கடிதங்களை வாசித்து எனக்கே கூசியது போன மாதம். இருபத்தொரு வயதில் எழுதியவை. செம்மறிக் குட்டிகளைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம். "மாலைச் சூரியன் ஓடை நீரில் பொன்னை உருக்கி வார்க்கிறான், அப்பா." இதை எழுதியவனை இப்போது நேரில் கண்டால் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுவேன்.

அப்பா ரொறன்ரோவில் அக்கா வீட்டில் காலமானார். எண்பத்தாறு வயது, நித்திரையில் போனார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு எங்கள் ஆட்கள் ஒரு நினைவு மலர் அச்சடிப்பார்கள். முன்னால் படம், பிறகு தேவாரம், வம்சாவளி, பிள்ளைகளின் கண்ணீர். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்புவது வழக்கம். ஜெர்மனியில், ஹம் நகரத்தில், என் அலுமாரியில் இப்படி முப்பது நாற்பது கிடக்கின்றன. வாசிக்க மனம் வராது, குப்பையில் போடப் பயம்.

என் மகள் பக்க வடிவமைப்பில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்தவள். ஆகவே புத்தக வேலை எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்கா தொலைபேசியில் உத்தரவு போட்டாள்.

"தம்பி, நடுவிலை எட்டுப் பக்கம் உன்ரை கடிதங்கள்தான். அப்பா தலைமாட்டிலை வைச்சிருந்தவர். எல்லாம் ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கிறன். பிள்ளையை ரைப் பண்ணச் சொல்லு."

"எந்தக் கடிதம் அக்கா?"

"வேறை எந்தக் கடிதம்? நீ இங்கிலாந்திலை அந்தக் கிராமத்திலை இருக்கேக்கை எழுதினது."

நான் இங்கிலாந்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

நடந்தது இதுதான். ஏஜென்சிக்காரன் லண்டன் என்று சொல்லித்தான் கூட்டிவந்தான். ஜெர்மனியில் இரண்டு கிழமை நில் என்று சொல்லி, கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அப்பா ஊரில் ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கிலாந்தைக் கண்ணால் காணாவிட்டாலும் அதன் ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காக மூச்சு விடாமல் சொல்லுவார். நான் கொழும்பைத் தாண்ட முன்னமே, மகன் லண்டனில் என்று சந்தி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அதனால் "சுகமாக வந்து சேர்ந்தேன்" என்று முதல் கடிதத்தை முற்கூட்டியே எழுதினேன். ஊருக்குக் கடிதம் போக மூன்று கிழமை எடுக்கும். அது போய்ச் சேருவதற்குள் நானும் லண்டன் போய்ச் சேர்ந்துவிடுவேன், எழுதியதும் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். கடிதம் போய்ச் சேர்ந்தது.

முத்திரை காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், லண்டனில் இருந்த மச்சானுக்கு ஓர் உறைக்குள் இன்னோர் உறையை வைத்து அனுப்பினேன். அவன் அங்கிருந்து மறுபடி தபாலில் போட்டான். போட முன்னம் வாசித்தும் பார்த்திருக்கிறான்.

"டேய், நான் இஞ்சை இரவு பகலாப் பெற்றோல் செட்டிலை நிக்கிறன். உனக்கு மட்டும் எங்கையடா ஆடு மேயுது?" என்று கேட்டான்.

ஆடு மேய்ந்தது சுவரில்.

அகதி மனுக் கொடுத்த எங்களை வைத்திருந்தது ஹம்மிலிருந்து பிராந்திய ரயிலில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில், ஒரு சின்ன ஊரின் பழைய விடுதியில். ஓர் அறையில் ஆறு பேர். மாடிக் கழிவறையின் குழாய் எங்கள் சுவருக்குள்ளால் இறங்கியது. ஒவ்வொரு தரமும் மேலே இழுத்துவிடும்போது, எங்கள் தலைமாட்டில் யாரோ கொப்பளிப்பதுபோல் கேட்கும். சுவரில் தட்டத்தின் அளவுக்குப் பூஞ்சணம். முதலில் பச்சை, பிறகு கருநீலம், தொட்டால் உரோமம்போல் மெத்தென்று இருக்கும். தொட்டுப் பார்த்தவன் நான்தான், அது வேறு கதை. தேவாலயத்திலிருந்து வந்த பழைய உடுப்புப் பெட்டியின் அடியில் ஒரு சுவர்க் கலண்டர் கிடந்தது. அந்தக் காலத்தில் வரைந்த ஆங்கிலக் கிராமங்களும் பட்டணங்களும், மாதத்துக்கு ஒன்று. பூஞ்சணத்தின் மேல் ஆணியடித்து அதை மாட்டினோம். மூன்று வருடம் பழைய கலண்டர். அதைப் பார்த்து அறைக் கூட்டாளி ஒருவன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குறித்துக் கொடுத்த டெர்மினுக்கு, அந்தச் சந்திப்புக்கு, பிழையான நாளில் போய், குளிரில் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வந்தான்.

நான் மாதத்துக்கு ஒரு படத்தைப் பார்த்து, மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜனவரியில் பனி மூடிய சந்தைச் சதுக்கம். ஏப்ரலில் கல்லுப் பாலம், ஓடை, தாரா வாத்துகள். ஜூலையில் வைக்கோல் கூரை வீடுகள், வாசலில் ஏணிபோல ஏறிய ரோசாக்கள். "எங்கள் வீட்டுக்கார அம்மா ரோசாக்களுக்குத் தண்ணீர் விடச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு நாய், அதற்கு ஒரு குணம், அந்தக் குணத்துக்கு ஒரு பந்தி.

பூஞ்சணம் படங்களுக்குள்ளும் ஏறியது. ஒக்டோபர் பக்கத்தைத் திருப்பினால், தேவாலயக் கோபுரத்தின் பாதியை அது தின்றிருந்தது. எனக்கென்ன? "இங்கத்தைய கோபுரங்களில் கருநீலப் பாசி படரும் அப்பா, வெகு அழகு" என்று எழுதினேன். அப்பா கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வகுப்பில் சொல்வதெழுதுதல் கொடுப்பார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வருடக்கணக்காகப் பிள்ளைகள் "ஓர் ஆங்கிலக் கிராமம்" என்ற கட்டுரையில் கருநீலப் பாசியை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறார்கள். எங்கள் அறைச் சுவரின் பூஞ்சணம் பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருக்கிறது.

இரண்டாம் வருடம் எனக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. பக்கத்து ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிக் குடல் கழுவுகிற வேலை. நான் வீட்டில் முட்டைகூடச் சாப்பிடாமல் வளர்ந்தவன். குடலை உள்வெளியாகப் புரட்டி, வழுவழுப்பை வழித்து, உப்பில் போட வேண்டும். முதல் நாள் மூன்று தரம் சத்தி எடுத்தேன். நாலாம் தரம் எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை. எத்தனை தரம் குளித்தாலும் அந்த நாற்றம் நகத்துக்கு அடியில் இருந்து போகாது. அந்த விரல்களால் பேனை பிடித்து, ஓடையில் பொன் உருகுகிறது என்று எழுதினேன். அந்தத் தாளையும் அப்பா முகர்ந்துதான் பார்த்திருப்பார், அது அவருடைய பழக்கம்.

பிறகு இருக்க அனுமதி வந்தது, தொலைபேசி வந்தது. வேலை மாறி ஜெர்மனிக்கு வந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அந்த ஆத்தையும் பாலத்தையும் விட்டிட்டு ஏனடா அங்கை போனனீ?" என்று கவலைப்பட்டார். அதோடு விசயம் முடிந்தது என்று முப்பது வருடத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன். அப்பா கனடாவுக்குப் போனபோது கடிதக் கட்டும் கூடப் போனதை நான் யோசிக்கவில்லை.

மகள் மேசையில் இருந்து ரைப் பண்ணத் தொடங்கினாள். இஞ்சை பிறந்த பிள்ளை, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துத்தான் அடிப்பாள். "வெண்-முகில்-கள் பஞ்-சுப் பொதி-போல..." நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கேட்கச் சகிக்கவில்லை.

"அப்பா, இந்த ஊரை மப்பிலை தேடிப் பாத்தனான், வருகுதில்லை. ஒரு கடிதத்திலை கடல் பக்கத்திலை இருக்கு, அடுத்ததிலை மலையிலை இருக்கு. நீங்கள் எந்த வீட்டிலை இருந்தனீங்கள்?"

தண்ணீரை மூடினேன். இந்த ஐம்பத்தாறு வயதில், நான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் நின்று, கலண்டர், குழாய், குடல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இடைக்கிடை பகிடியும் விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏக்லிக்" என்றாள். அருவருப்பு என்பதற்கு இங்கத்தைய பிள்ளைகள் சொல்லுகிற ஜெர்மன் சொல்.

"குடல் கழுவுறது அப்பிடித்தான் பிள்ளை."

"குடல் இல்லை அப்பா. உந்த ஆட்டுக்குட்டி." பிறகு கணினியை மூடினாள். "அப்பப்பான்ரை புத்தகத்திலை இதை நான் போடமாட்டன். நீங்களே மாமியோடை கதையுங்கோ."

அச்சகத்துக்குக் கொடுக்கப் பத்து நாள் இருந்தது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் வாய் திறக்க முன்னம் அவள் தொடங்கினாள்.

"தம்பி, அப்பாவின்ரை பழைய மாணவி ஒருத்தி லண்டனிலை இருந்து எழுதியிருக்கிறாள். சேர் சொன்ன கிராமத்தைத் தேடி ஒவ்வொரு கோடையும் புருசன் பிள்ளையளோடை கார் ஓடித் திரிஞ்சவளாம். உன்ரை கடிதத்துக்குப் பக்கத்திலை அதையும் போடுவம், என்ன?"

எனக்கு வாய்க்குள் உப்பு ஊறியது. குடல் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது ஊறுகிற அதே உப்பு. சொல்லிவிட்டேன். மகளுக்குச் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன், பகிடியே வரவில்லை.

அக்கா முதலில் கேட்டது நாயைத்தான்.

"அந்த நாய்?"

"நாயும் இல்லை அக்கா."

"பாவி. அந்த நாய்க்குச் சுகமோ எண்டு அப்பா சாகிற கிழமையும் கேட்டவரடா."

"அதுதான் அக்கா, போடவேண்டாம். சனம் கையிலை கொண்டுபோகும். அப்பாவின்ரை படத்துக்குக் கீழை என்ரை பொய்."

"எடுத்தா ஏன் எண்டு கேப்பினம். உண்மையைச் சொன்னா, படிப்பிச்ச மனுசனை மகனே முட்டாளாக்கினவன் எண்டு சாப்பாட்டு மேசையிலை சிரிப்பினம். உனக்கென்ன, நீ ஜெர்மனியிலை இருப்பாய். நான் இஞ்சை கோயிலுக்குப் போகவேணும்." வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பெரிய கரைச்சல். இரண்டு நாள், நான் இப்போது வேலை செய்கிற கிடங்கில், வண்டியைத் தட்டித் தடுமாறி ஓட்டினேன், ஒரு தட்டு தக்காளிச் சோஸ் போத்தல்களை நிலத்தில் கொட்டினேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் எழுதினேன். எந்த அறை, எத்தனை பேர், சுவரில் என்ன, தொட்டியில் என்ன, அப்பாவுக்கு ஏன் பொய் எழுதினேன் என்று நேராக. பொன்னும் பஞ்சும் இல்லாமல் எழுத எனக்குப் பழக்கம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கட்டுரைபோல் வந்தது. கடிதங்களுக்குப் பதிலாக இதைப் போடு, என் பெயரிலேயே போடு, சிரிப்பது என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அக்காவுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே எடுத்தாள். மகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன், அவள் கணினியோடு பக்கத்தில் இருந்தாள்.

"செத்தவீட்டுப் புத்தகத்திலை குடல் எண்டு போட ஏலாது. சைவச் சாப்பாடு சாப்பிடேக்கை வாசிக்கிற சனம்."

"பின்னை என்னெண்டு போடுறது?"

"'தொழிற்சாலை' எண்டு போடு."

"என்ன தொழிற்சாலை எண்டு கேப்பினம். நாளைக்கு நான் கார் செய்தவன் எண்டு ஊருக்குள்ளை கதை வரும். ஒருக்கா அப்பிடித் தொடங்கினதாலைதான் இவ்வளவும்."

"அப்ப 'இறைச்சி' எண்டு போடு."

"குடல் அக்கா."

"நீ சின்னனிலையும் இப்பிடித்தான், பிடிச்சா விடமாட்டாய்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "சரி, குடல். ஆனா வழுவழுப்பை எடு. சத்தியும் ஒருக்காப் போதும், மூண்டு தரம் வேண்டாம்."

மகள் அந்த இடத்திலேயே அழித்தாள். அந்த லண்டன் மாணவிக்கு யார் சொல்லுவது என்று கேட்டேன். "நீதான்" என்றாள் அக்கா, "வேறை ஆர்? இண்டைக்கே எடு. கார் ஓடினது அவள், பேச்சு வாங்க வேண்டியது நீ." ஓம் என்றேன்.

வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"தம்பி, அந்த ரெண்டு வருசமும் நீ என்ன சாப்பிட்டனீ?"

முப்பது வருடத்துக்கு மேல் என் வீட்டில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் இடம் வைக்கவும் இல்லை. எல்லாருக்கும்தான் பதில் முதலே எழுத்தில் போயிருந்ததே.

"கிழமைக்கு ரெண்டுதரம் பெட்டி தருவினம் அக்கா. கறுத்தப் பாண், தகரத்திலை அடைச்ச, களிமாதிரி ஈரல் சொசேஜ். அது என்னெண்டு தெரியாது. இறைச்சி எண்டாக் கழுவித்தானே சமைக்கிறது எண்டு, நாங்கள் குழாய்க்குக் கீழை பிடிச்சுக் கழுவினம்."

"பிறகு?"

"அவ்வளவும் கரைஞ்சு, கழுவுற தொட்டி அடைச்சுப்போச்சு. ஆறு பேருக்கும் பசி. கீழை நிண்டதை அள்ளி, தூள் போட்டுப் பொரிச்சுச் சாப்பிட்டம்."

"சீ!"

"ஓம்."

"நீயும் சாப்பிட்டனீயோ? முட்டை கண்டா எழும்பி ஓடுற நீ?"

"முதல் ஆள் நான்தான்."

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்ட வந்திருந்து கேட்டாள். அக்கா மேலும் மேலும் கேட்டாள், எங்கே குளித்தனீ, காய்ச்சல் வந்தால் ஆர் பார்த்தது, குளிருக்கு என்ன போட்டனீ. அரை மணித்தியாலத்துக்கு மேல் சொன்னேன். இடையில் இன்னும் இரண்டு தரம் "சீ" என்றாள். போனை வைக்கவில்லை.