மழைச் சத்தம் வாங்கிய திங்கட்கிழமை

எனக்குக் கடைக்காரர்களைக் கண்டால் ஆகாது. அதிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் என்றால் அறவே ஆகாது. முப்பது வருஷம் மைக்செட் போட்டுப் பிழைத்தவன் நான். கல்லலைச் சுற்றியுள்ள ஊர்களில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், முளைப்பாரி என்று எது நடந்தாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் முதலில் மரத்தில் ஏறும். ஒயரைக் கையில் உருட்டிப் பார்த்தே அது நல்ல செம்பா, முலாம் பூசிய ஏமாற்று வேலையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் ஒருவன் வந்து, "அங்கிள், இதுல பேஸ் சும்மா அதிரும்" என்றால் கோபம் வருமா, வராதா?

நான் பேஸ் கேட்டுப் போகவில்லை. மழை கேட்டுப் போனேன்.

இரண்டு வருஷமாக என் இடது காதுக்குள் ஓர் இரைச்சல். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதேதான். விசில் மட்டும் வராது, அடுப்பையும் அணைக்க முடியாது. தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அது ஆரம்பித்தது. காரைக்குடியில் காது டாக்டரிடம் போனேன். சின்னக் கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார வைத்து, ஏதேதோ சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு தேய்ந்துவிட்டது, போனது வராது என்று சொல்லிவிட்டார்.

"அமைதியா இருந்தீங்கன்னா இரைச்சல் இன்னும் பெருசாத் தெரியும். மழைச் சத்தம், அருவிச் சத்தம் மாதிரி எதையாவது மெதுவா ஓட விடுங்க. மனசு அதுல போயிரும். அப்புறம், கோவப்படாதீங்க, கத்தாதீங்க" என்றார்.

மழையாவது கிடைக்கும். கத்தாமல் இருப்பதற்கு என் வீட்டுக்காரி விட வேண்டுமே!

அவள் செய்ததைக் கேளுங்கள். எனக்குக் காதில் கோளாறு என்று தெரிந்தும் டிவியைக் கூட்டி வைத்தாள். முன்பு பன்னிரண்டில் இருந்த சத்தம் முப்பதுக்குப் போனது. "குறைச்சு வை" என்றால் திரும்பிப் பார்க்க மாட்டாள். இன்னொரு தடவை சொன்னாலும் பார்க்க மாட்டாள். தொண்டை கிழியக் கத்திய பிறகு நிதானமாகத் திரும்பி, "இப்ப என்ன ஆகிப்போச்சுன்னு இந்தக் கத்துக் கத்துறீக?" என்பாள். சோறு போடு என்றாலும் இதே கூத்து. துண்டை எடு என்றாலும் இதே கூத்து. திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பெற்ற மகளிடம்கூடப் பேசப் பிடிக்காத கல்நெஞ்சுக்காரி என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

சம்பாதிக்கிற வரைக்கும் இருந்த மரியாதை இப்போது இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். எனக்குத் திமிரைத் தாங்க முடியாது. காதுக்குள் ஒரு சனியன், வீட்டுக்குள் ஒரு சனியன், இரண்டோடும் மல்லுக்கட்ட என்னால் ஆகாது. அந்த மழைச் சத்தத்தையும் வாங்கிப் பார்ப்பது, அதிலும் நிம்மதி கிடைக்காவிட்டால் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்வது, இவள் இங்கே தனியாகக் கிடக்கட்டும் என்று மகளிடம் போனில் சொல்லியே விட்டேன். மகள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 

திங்கட்கிழமை காரைக்குடியில் சந்தை. அவளும் காய் வாங்க வருவதாகக் கிளம்பினாள். பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். சந்தையில் வாங்கிய பையைத் தூக்கிக்கொண்டு அவள் என் பின்னாலேயே கடை கடையாக வந்தாள். வராதே, பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார் என்றேன். பையைக் கை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள்.

செக்காலை ரோட்டில் முதல் கடை. பாட்டுக் கேட்கிற சின்ன பிளேயர் இருக்கிறதா என்றதும் அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப யாரு வாங்குறா? செல்போன்லயே எல்லாம் இருக்கே" என்றான். இருக்கட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது எவனாவது லோன் வேண்டுமா என்று கூப்பிட்டால் மழை நின்று மணி அடிக்கும். அந்த மணிச் சத்தம்தான் எனக்கு ஆகவே ஆகாது. இதை விளக்கினேன். அவன் கழுத்தில் மாட்டுகிற ப்ளூடூத் ஒன்றை எடுத்து வைத்தான். நான் கேட்டது என்ன, நீ காட்டுவது என்ன என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கினேன். அடுத்த கடைக்காரன், பக்திப் பாட்டு மட்டும் பாடுகிற, கோயில் கோபுரம் போட்ட டப்பா ஒன்றைக் காட்டினான். எனக்கு மழைதான் வேண்டும் என்றேன். "சாமி பாட்டுக் கேட்டாலும் மனசு அடங்கும்ல?" என்று எனக்கே புத்தி சொன்னான். உன் மனசை அடக்கு முதலில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்துக் கடையில்தான் அகப்பட்டது. கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில், தூசி படிந்த அட்டைக்குள். தீப்பெட்டி உயரம், அழுத்தினால் 'டக்' என்று சொல்கிற நல்ல பொத்தான்கள், மெமரி கார்டு போட ஒரு வாய். கையில் வாங்கியதும் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் விலை ஏறும்.

பிளேயர் சரி, கூட இருந்த இயர்போன் குப்பை. காதுக்குள் தக்கை மாதிரி அடைக்கிற ரகம். காதை அடைத்தால் இரைச்சல் இரண்டு பங்காகத் தெரியும். காதின் மேல் லேசாக உட்காருகிற, பஞ்சு வைத்தது வேண்டும் என்றேன். இது பழைய மாடல், அதெல்லாம் வருவதில்லை என்றான். உள்ளே தேடு என்றேன். முனகிக்கொண்டே தேடி ஒன்றை எடுத்துவந்தான். அதன் பிளக்கில் துரு, அதற்கு ஒரு சண்டை போட்டு வேறொன்று வாங்கினேன். கார்டுக்கும் ஒரு சண்டை. ஆயிரக்கணக்கில் பாட்டுப் பிடிக்கிற பெரிய கார்டைத் தலையில் கட்டப் பார்த்தான். எனக்கு ஒரே ஒரு மழை போதும், அதற்கு எதற்கடா அத்தனை இடம்?

பிறகு கம்ப்யூட்டரில் மழையைத் தேடி ஏற்றினான். போட்டுக் கேட்டால் மழைக்கு நடுவில் புல்லாங்குழல். எடு என்றேன். அடுத்ததில் இடி. எடு என்றேன்.

"எந்த மழைதான் வேணும் அங்கிள்? தகரத்துல பெய்யறதா, இலையில பெய்யறதா?"

"சும்மா பெய்யற மழைடா" என்றேன்.

ஒருவழியாக அது கிடைத்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கண்ணை மூடினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சீறல் பின்னால் போய் ஒதுங்கி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. இடது பக்கம் கொஞ்சம் கம்மியாகக் கேட்கிற மாதிரி ஒரு சந்தேகம். இயர்போன் கோளாறா, என் காதுக் கோளாறா? கடைக்காரன், ரெண்டும் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்தான். இவன் சத்தியத்தை யார் நம்புவது? பின்னால் ஸ்டூலில் பையோடு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து, இயர்போனை அவள் தலையில் மாட்டினேன். எந்தப் பக்கம் குறைகிறது பார் என்று இரண்டு காதையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாருக்குங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தேன் இருக்கு. மழை அப்பிடியே பெய்யுது" என்றாள்.

கையில் இருந்த பிளேயரைப் பார்த்தேன். மழை நின்றிருந்தது. இயர்போனைக் கழற்றும்போது என் கட்டைவிரல் பொத்தானில் பட்டிருக்க வேண்டும்.

முதலில் வந்தது கோபம்தான். கடைக்காரன் முன்னால் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இரு உன்னை என்று பொத்தானை அழுத்தி, மழையை ஓடவிட்டுச் சத்தத்தை ஏற்றினேன். பத்து, பதினைந்து, இருபது. அந்தப் பஞ்சிலிருந்து கசிகிற இரைச்சல் நான் நின்ற இடத்துக்கே கேட்டது. கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் அந்நேரம் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணை மூடியபடி, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் முந்தின நாள் ஸ்பீக்கர் பெட்டிகளை வாசலில் இறக்கிச் சோதனை போடுவேன். நான் ஆம்ப்ளிபயரோடு பெட்டிகளுக்குப் பின்னால் நிற்பேன். உள்ளே கோன் என்கிற காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா, கரகரப்பு இருக்கிறதா என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. முன்னால் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அப்படி ஒரு காது அவளுக்கு. பெட்டியோடு ஒட்டிக் காதை வைத்து, "இந்தப் பெட்டியில ஓரத்துல கரகரங்குதுங்க" என்பாள். பிரித்துப் பார்த்தால் நகக்கண் அளவு கீறல் இருக்கும். என் வீட்டில் ஒரு மீட்டர் இருக்கிறது என்று போகிற ஊரில் எல்லாம் பீற்றிக்கொள்வேன். சத்தத்தை ஏற்றிக்கொண்டே, இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ என்பேன். அவள் போவாள். இருபத்தைந்து வருஷம் போனாள்.

தொழிலின் கடைசிக் காலத்தில் எல்லாப் பெட்டியையும் "சரியாத்தேன் இருக்கு" என்றே சொன்னாள். ஒரு திருவிழாவில் கிழிந்த பெட்டி ஊர் முன்னால் அலறி, என் மானம் போனது. கவனமில்லாத கழுதை என்று அன்று அவளைத் திட்டினேன். வேறு என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத முடியாது.

இயர்போனை அவள் தலையிலிருந்து மெதுவாக எடுத்தேன். பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்தேன். கடைக்காரன் பாதுகாப்புக்கு ஓர் உறை, சார்ஜர் ஒயர் என்று எதையெதையோ கூடவே எடுத்து வைத்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். 

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "எப்ப இருந்து?" என்று கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டாவது தடவை குரலை ஏற்றிக் கேட்டேன்.

"மக கல்யாணத்துக்கு முந்தியே."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா? பெட்டிய வித்துருப்பீகளா?"

நான் விற்றிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கத்தரிக்காயைப் பைக்குள் சரிசெய்துகொண்டே, அடுத்த வீட்டுச் சேதியைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க மெதுவாச் சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கலை. கோவம் வந்து கத்துனீகன்னாத்தேன் என்ன சொல்றீகன்னு வெளங்குது. அதேன் நீங்க கத்துற வரைக்கும் பேசாம இருந்துக்கிருவேன். வசவும் சேந்து வரும். வந்தா வந்துட்டுப் போகுது."

சட்டைப் பையில் பிளேயர் இருந்தது. எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. காதுக்குள் சீறிக்கொண்டே இருந்தது, சீறட்டும் என்று விட்டேன். மகளிடம் நான் போனில் சொன்னது இவளுக்குக் கேட்டிருக்காது என்பது ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம், அன்று நான் அதையும் கத்தித்தான் சொன்னேன் என்பது ஞாபகம் வந்தது.

ஏதாவது பேச வேண்டும்.  அவள் காதுப் பக்கம் குனிந்து, என் பலம் முழுவதையும் கூட்டி, "பசிக்குதா?" என்று கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டே திரும்பியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து, "ஏன்யா, பொம்பளைய நடு பஸ் ஸ்டாண்டுல வச்சு இப்பிடியா கத்துவீக? மனுசனா நீங்க?" என்று விரலை நீட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரிக்கு அந்த வார்த்தைகள் கேட்டிருக்காது. நீட்டிய விரல் தெரிந்திருக்கும். பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவுக எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காக. நீங்க ஒங்க சோலியப் பாத்துக்கிட்டு அங்குட்டுப் போங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "என்னமோ சொன்னீகளே, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.