தூறல் ஊருக்கு நேர் விமானம்

அண்ணன் வேலை பார்க்கும் ஊருக்கு மழையைப் பார்ப்பதற்காக ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு வேலியோரம் நின்று நான் இதைச் சொன்னபோது, மானாவாரிக்காரர் ஒருவர் தலைத்துண்டை எடுத்து உதறினார். வானத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"பாக்குறதுக்கு மட்டுமா? அதுக்கு டிக்கெட்டா?"

ஆமாம் என்றேன். மழைக்குக் காத்திருப்பவரிடம் அதற்கு மேல் என்ன சொல்வது.

அந்த ஊர் அரபிக்கடலின் அக்கரையில் இருக்கிறது. சுற்றிலும் மணல் கொதிக்கும் மூன்று மாதமும் அங்கே மட்டும் மலையில் மேகம் இறங்கிவிடும். கடலுக்கும் மலைக்கும் நடுவே தூறல் விழுந்துகொண்டே இருக்கும். ஒட்டகம் பச்சைப்புல் மேயும். ஹோட்டல்கள் நிரம்பி வழியும். அவற்றில் ஒன்றின் சமையற்கட்டில் அண்ணன் இருபது வருடமாக நின்றுகொண்டிருக்கிறார். இந்த இருபது வருடத்தில் மதினி அந்தத் தூறலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

புறப்படாமல் இல்லை. சில வருடங்களுக்கு முன் விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்தோம். எங்கள் பக்கம் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் வீடே வேன் ஏறும். சித்தப்பா, சித்தி, பக்கத்து வீடு, பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி. நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் படும்போதே புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிந்துவிடும். அன்றைக்கு மதினி மட்டும் சாப்பிடவில்லை. நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அதைத்தான் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எறங்கி எங்கிட்டுப் போகணும் தம்பி?"

"போர்டு இருக்கும் மதினி."

"போர்டு இங்கிலீசுல இருக்கும்."

"யாரையாச்சும் கேளுங்க, சொல்லுவாங்க."

"கேக்குறதையும் இங்கிலீசுலல்ல கேக்கணும்?"

பயணிகளை மட்டும் உள்ளே விடும் கண்ணாடிக் கதவு வரை போனவர் அங்கேயே நின்றார். பிறகு பெட்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு வந்து, வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் எப்போதும் கேட்பதைக் கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சா?" எப்போதும்போல மதினிதான் தலைகளை எண்ணினார். "ஏறியாச்சு, எடுங்க."

போன வருடம் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம்.

"டேய், இங்க ஏர்போர்ட்டுக்குப் புதுசா பிளைட்டு புடிக்கிறாங்கடா. திருச்சியிலேருந்து நேரா. நாலு மணி நேரந்தான், எங்கயும் மாற வேணாம். ஒன் மதினிகிட்டச் சொல்லு."

விமானம் தானாக ஓர் ஊருக்கு வந்துவிடாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள் என்று டிப்போவில் மனுக் கொடுக்கிறோமே, அதுபோல அந்த ஊர் ஏர்போர்ட்காரர்களும் ஹோட்டல்காரர்களும் சேர்ந்து விமானக் கம்பெனிகளின் படியேறிக் கேட்க வேண்டுமாம். சரி, விட்டால் யார் ஏறுவார்கள் என்று கம்பெனி கேட்கும். அதற்குத்தான் படிவம். அண்ணனின் மேனேஜர் ஒரு கட்டு நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் பேர், மாதம், ஒரு தடவைக்கு எத்தனை பேர். அண்ணனுக்கு அங்கே இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. "நான் வந்துட்டா அப்பறம் அவளுக்கு எதைடா காட்டுறது?" என்று முடிந்தது மெசேஜ்.

மதினி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாறவே வேணாமா?"

"வேணாம்."

"நடுவுல எங்கயும் எறக்கிவிட மாட்டாங்கள்ல?"

"நடுவுல கடல்தான் மதினி இருக்கு."

ஈரச் சேலைக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. மறுநாள் காலை, போனில் வந்த படிவத்தைக் கட்டாக ஜெராக்ஸ் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறிவிட்டார்.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அந்த ஒரு மாதம் அது பெரிய உதவியாக இருந்தது. கந்தர்வக்கோட்டை, கீரனூர், ஆவூர் என்று, யார் வீட்டுப் பிள்ளை அந்தக் கடற்கரையில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கெல்லாம் போனோம். நான் கேட்பேன், மதினி எழுதுவார். ஆவூரில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் பேனாவை வாங்கித் தானே எழுதினார். எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. "ஒரு தடவைக்கு எத்தனை பேர்?" என்ற இடத்தில் யாருமே யோசிக்கவில்லை. பதினாலு. பதினொண்ணு, மச்சான் வந்தா பன்னெண்டு. கட்டு தடித்தது. மதினியின் முகமும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினோம்.

இரண்டாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். மதினியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேனேஜரு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாருடா. ஒரு வீட்டுலேருந்து பதினாலு பேரு மழை பாக்க வாராங்களான்னு. எனக்கும் சந்தோசந்தான். அப்பறம் பேரைப் படிச்சேன். டீச்சரம்மா வீட்டுப் படிவத்துல வேன் டிரைவரு பேரும் இருக்கேடா."

அப்போதுதான் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் வேன். எத்தனை பேர் என்றால் வேனுக்குள் எத்தனை பேர். பதிமூன்று பேர் கண்ணாடிக் கதவோடு திரும்பி வருவார்கள் என்பது எழுதியவர்களுக்கும் உறைக்கவில்லை, கேட்ட எனக்கும் உறைக்கவில்லை.

"அவருகிட்ட இன்னும் சொல்லல. அடுத்த வாரம் கம்பெனிக்குப் போயிரும். அப்படியே விட்டுரவா?"

விட்டுவிடுங்கள் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. மதினி போனை வாங்கினார்.

"இல்லாத ஆளைக் காட்டி வர வச்சா, நாலு தடவ காலியாப் பறந்துட்டு நிறுத்திப்புடுவாங்க. அந்நேரம் நான் அங்க இருந்தேன்னா எதுல திரும்பி வாரது? மாறி மாறியா? நாங்க திருத்தி அனுப்புறோம், நீங்க அவருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

மறுபடியும் அதே வீடுகள். இந்த முறை பேர் அடிக்கும் வேலை. டீச்சரம்மா ஸ்கேல் வைத்து அடித்தார். பாதி நாளிலேயே கணக்கு மெலிந்தது தெரிந்தது; வண்டியின் பின்னால் மதினியின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

முந்திரிக்காட்டு மானாவாரிக்காரர் வீட்டில் அவர் மனைவி மட்டும் படிவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எம் பேர அடிக்காதீங்க."

"நீ எங்க போறவ?" என்றார் அவர்.

"எம் மகன் அங்கதான இருக்கான். பத்து வருசமா அந்தக் கண்ணாடி வரைக்கும் போயிட்டுத் திரும்புறேன். மாறாம போகுதுன்னா போறேன்."

"ஆட்ட யாரு பாக்குறது?"

"ஏன், ஒங்களுக்கும் அதுகளுக்கும் பேச்சுவார்த்த இல்லையா?"

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "இருக்கட்டும், அவ பேர அடிக்காதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு மதினி ஒவ்வொரு வீட்டிலும் பேரை அடிக்கும் முன் அந்தப் பேருக்குரிய ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார். "நெசமா நீங்க ஏறுவீங்களா, மாட்டீங்களா?" பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே அடிக்கச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அம்மாக்கள், பெண்டாட்டிகள், ஒரு வீட்டில் அண்ணனைப் பார்க்க ஆசைப்பட்ட தங்கை.

திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நடுவில் மட்டும் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது. எங்கள் வீட்டுப் படிவத்தை வெளியே எடுத்தார். அதிலும் பதினாலு. சித்தப்பாவை அடித்தார், சித்தியை அடித்தார், என்னை அடித்தார். கடைசியில் அவர் பேர் இருந்தது. பேனா அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இது இருக்கட்டும் தம்பி."

கேட்டது கிடைத்தது என்று சொல்ல முடியாது. தினம் ஒரு விமானம் கேட்டார்கள்; தூறல் மாதங்களுக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் முதலில் பார்ப்போம் என்று கம்பெனி சொன்னது. அடுத்த வருடம் வருமா என்று இதை எழுதும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மதினிக்கு அது போதுமாக இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம், அதே வேன், அதே புளிச்சோறு. இந்த முறை அவரும் ஒரு பொட்டலம் சாப்பிட்டார். கண்ணாடிக் கதவருகே நின்று, "வெயில்ல நிக்காதீங்க, கெளம்புங்க" என்று எங்களை விரட்டினார். பெட்டி முன்னே உருண்டது. முந்திரிக்காட்டு அம்மா இன்னொரு வேனிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. பிறகு கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.

வேனுக்குத் திரும்பினோம். "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் டிரைவர். ஜன்னலோர இருக்கையை எல்லோரும் ஒதுக்கியே உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். குறைய வேண்டியதுதான் என்று புரிந்ததும், "ஏறியாச்சு, எடுங்க" என்றேன்.

ராத்திரி மெசேஜ் வந்தது. முதலில் வெறும் காற்று. பிறகு மதினி.

"தம்பி, சத்தம் கேக்குதான்னு போனை வெளிய நீட்டுனேன். இந்த மழைக்குச் சத்தமே இல்ல. சேலைதான் நனைஞ்சு போச்சு. ஒங்கண்ணன் உள்ள வான்னு கூப்புடுறாரு. நான் வரலன்னுட்டேன்."