ஆயுத பூஜைக்குப் பிறகு தடித்துப்போன ஸ்பேசர்கள்

ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்த குங்குமக் கறை கேட் வாசலில் இன்னும் அழியவில்லை. அதற்குள் பீன்யாவில் இருக்கும் கஸ்டமரிடமிருந்து போன் வந்துவிட்டது. பூஜை முடிந்து நாங்கள் அனுப்பிய ஸ்பேசர்கள் ரிஜெக்ட். ஒன்றிரண்டு இல்லை, மொத்தமும்.

நான் அப்போது பொம்மசந்திராவில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். பெயர் ஃபுளோரா, வீடு ஆடுகோடி. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று என் மருமகள் சொல்கிறாள். படிப்பை முடித்துவிட்டு மெஷின் ஷாப்பில் புதிதாகக் கால் வைக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது.

ஸ்பேசர் என்றால் பெரிய விஷயமில்லை, ஒரு எஃகு வளையம். கியர் பாக்ஸுக்குள் இரண்டு பேரிங்குக்கு நடுவில் உட்கார்ந்து, அவை ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். அதன் தடிமன்தான் அதற்கு உயிர். ஈ.என்.31 என்ற எஃகு ராடைத் துண்டு போட்டு, லேத்தில் கடைந்து, ஹீட் ட்ரீட்மெண்டுக்கு அனுப்புவோம். சூட்டில் வெந்து எண்ணெயில் குளித்து வந்தபின் அது மாமியார் மாதிரி; சாதாரண டூல் எதற்கும் மசியாது. நானும் மாமியார்தான், சொல்லலாம். அதற்கப்புறம் கிரைண்டிங் கல்லுக்குத்தான் வழிவிடும். அதனால் கடைசி அளவைக் கிரைண்டிங்குக்கென்றே விட்டு வைப்போம்.

அந்தக் கிரைண்டிங் மெஷினில் கல்பனா. ஈஜிபுராவில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், அவள் சம்பளத்தில்தான் குடும்பம். கான்ட்ராக்டில் இருந்தாள், அந்த மாசக் கடைசியோடு அதுவும் முடிகிறது. "இந்த லாட் பாஸாகட்டும், உன்னை பர்மனென்ட் பண்றேன்" என்று எங்கள் ஓனர் மஞ்சுநாத் சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த லாட்தான் திரும்பி வந்து நின்றது.

மஞ்சுநாத் சாருக்கு வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். போனைக் கையில் பிடித்தபடியே ஷாப்புக்குள் வந்தார்.

"ஏன் மாடிதியம்மா நீனு? என்ன பண்ணி வச்சிருக்கே? நாப்பது மைக்ரான் ஜாஸ்தி! எல்லாம் ஜாஸ்தி! கண்ணை எங்க வச்சிருந்தே?"

"ஒவ்வொண்ணா பாத்துதான் சார் போட்டேன். எல்லாம் ஜீரோவுலதான் சார் நின்னுச்சு" என்றாள் கல்பனா.

"ஜீரோவுல நின்னா அவங்க எதுக்கு திருப்பி அனுப்பறாங்க? போதும்மா. நாளைலேருந்து வர வேணாம்."

பூஜைக்குப் பட்டுப் பாவாடை கட்டிக் கூட்டி வந்திருந்த அந்த இரண்டு பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. கல்பனா அழவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள்.

"சார், கொஞ்சம் இருங்க. ஆளை அனுப்பறது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல அளவைப் பாப்போம்" என்றேன்.

நாற்பது மைக்ரான் என்றால் ஒரு தலைமுடியில் ஏறக்குறைய பாதி. திரும்பி வந்த ஸ்பேசர் ஒன்றை எடுத்து கம்பரேட்டரில் வைத்தேன். முள் ஜீரோவில் நின்றது. அதையே மைக்ரோமீட்டரில் பிடித்தேன். நாற்பது கூடுதல்! ஒரே வளையம், ஒரே மேஜை, இரண்டு அளவு. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

கம்பரேட்டர் தானாக எதையும் அளக்காது, ஒப்பிட்டுத்தான் சொல்லும். அதற்கென்று மிகச் சரியான தடிமனில் செய்த ஒரு வட்ட எஃகுக் கட்டை உண்டு, அதை மாஸ்டர் என்போம். அதை டயலுக்குக் கீழே வைத்து முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மாஸ்டரை எடுத்துவிட்டு ஸ்பேசரை வைத்தால் எவ்வளவு கூட, எவ்வளவு குறை என்று தெரிந்துவிடும். அனுப்பும் முன் நான் செக் பண்ணியதும் கல்பனா ஜீரோ வைத்த இதே கம்பரேட்டரில்தான். ஸ்பேசரும் ஜீரோ காட்டியது, ஓகே போட்டேன்.

"கல்பனா, தினமும் காலையில எப்படி ஜீரோ வைக்கிறியோ அப்படியே வச்சுக் காட்டு. எதையும் மாத்தாதே."

பெட்டியிலிருந்து மாஸ்டரை எடுத்தாள். மேல் பக்கத்தைத் துணியால் பதமாகத் துடைத்தாள். கம்பரேட்டர் மேடையையும் துடைத்தாள். மாஸ்டரை அதன்மேல் வைத்தாள்.

"அடிப்பக்கம் துடைக்கலியா?"

ஓனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவர் எதிரில் எப்போதும் என்னை மேடம் என்பவள், பயத்தில் அதையும் மறந்துவிட்டாள்.

"அடியில சாமி பொட்டு இருக்குதுக்கா. அதை எப்படிக்கா அழிக்கிறது?"

மாஸ்டரைத் திருப்பினேன். நட்டநடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம்.

எங்கள் ஷாப்பில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காத பொருள் கிடையாது. லேத், கிரைண்டர், ஸ்பேனர், கம்ப்ரஸர், காபி ஃபிளாஸ்க்கூட தப்பாது. அளக்கிற கேஜ்களையும் மாஸ்டரையும் மேஜையில் வரிசையாக அடுக்கி வைப்போம். அந்தப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், நானே துடைத்ததில்லை. பூஜை முடிந்து தரும் கடலேபுரி, அதாவது பொரிப் பொட்டலத்துக்கு முதலில் கை நீட்டுகிறவளும் நான்தான், அது வேறு கதை. பூஜைக்கு மறுநாள் மாஸ்டரை எடுத்த கல்பனா மேலே பொட்டைப் பார்த்திருக்கிறாள். சாமி பொட்டின்மேல் டயல் முனையை இறக்க மனசு வரவில்லை. பொட்டும் அழியக் கூடாது, வேலையும் நிற்கக் கூடாது என்று மாஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு ஜீரோ வைத்துவிட்டாள். சந்தனத்தின் தடிமன் மாஸ்டரோடு சேர்ந்துகொண்டது. அத்தனை ஸ்பேசரும் அந்த அளவுக்குத் தடித்துப் போயின.

எல்லாரும் ஓனரைப் பார்த்தோம். பொட்டு வைப்பது எப்போதும் அவர் கைதான். சந்தனக் கிண்ணத்தை எடுத்தால் மனுஷர் லேசில் கீழே வைக்க மாட்டார்.

"இது... நான் வச்சதா?"

"நீங்கதான் சார். கொஞ்சம் தாராளமாவே."

அவர் மாஸ்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் கர்ச்சீப்பாலேயே துடைத்தார். மறுபடி ஜீரோ வைத்து அதே ஸ்பேசரை வைத்தோம். நாற்பது கூடுதல் என்று முள் இப்போது உண்மையைச் சொன்னது.

நல்ல வேளை, கூடுதல்! எங்கள் தொழிலில் கூடியதைக் குறைக்கலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது. நாற்பது மைக்ரான் குறைந்திருந்தால் அத்தனையும் ஸ்கிராப்காரருக்குப் போயிருக்கும். கல்பனா அத்தனை வளையங்களையும் திரும்ப கிரைண்டிங் பண்ணினாள். இந்த முறை மாஸ்டரை இரண்டு பக்கமும் துடைத்தாள், துடைப்பதற்கு முன் ஒரு கும்பிடும் போட்டாள். லாட் பாஸாகிவிட்டது.

ஆனால் ஏன் தப்பு நடந்தது என்று கஸ்டமருக்கு எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். மஞ்சுநாத் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஆபரேட்டர் எர்ரர்னு போட்டுடலாம் ஃபுளோராம்மா. எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க. சந்தனம்னு எழுதினா சிரிப்பாங்க."

"அப்படி எழுதினா அந்த ஆபரேட்டர் மேல என்ன ஆக்ஷன்னு அடுத்த கேள்வி வரும். பொட்டு வச்சது நீங்க, வேலை போறது அவளுக்கா? நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

தலையைச் சொறிந்தார். பிறகு அவரே கஸ்டமரின் குவாலிட்டி இன்ஜினியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன்.

"சார்," என்றார் அந்த இன்ஜினியர், சேலத்துக்காரப் பையன், "கொஞ்சம் லைன்ல இருங்க. எங்க மாஸ்டரையும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

பிள்ளைகளே, 'ஆபரேட்டர் எர்ரர்' என்று எழுதுவது ரொம்ப சுலபம். எழுதிய கையோடு தேடுவதும் நின்றுவிடும். அன்றைக்குக் கல்பனாவை அனுப்பியிருந்தால் பொட்டு மாஸ்டரின் அடியிலேயே இருந்திருக்கும். அவள் இடத்துக்கு வருகிற பெண்ணும் அதே நாற்பது மைக்ரான் தடிமனில் அனுப்பித் திட்டு வாங்கியிருப்பாள். ஆளைக் குறை சொல்வதற்கு முன் அளந்த கருவியை அளந்து பாருங்கள்.

மாசக் கடைசியில் மஞ்சுநாத் சார் கல்பனாவைக் கூப்பிட்டு, பர்மனென்ட் ஆக்கியாயிற்று என்று சொன்னார். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனாயித்தம்மா? என்ன ஆச்சு? அன்னிக்கு அவ்ளோ திட்டினேன், ஒரு சொட்டு வரல. இப்ப நல்லதுதானே சொன்னேன்?"

கல்பனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு பிள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன் சார். அழ எங்க நேரம்?"