நாற்பது வாட்டில் ஒரு பழி

சித்திக்கு அந்த முதலாளியைத் தோற்கடிக்க வேண்டும். லேசர் மிஷின் வாங்கும் எண்ணமே அதிலிருந்துதான் பிறந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பத்தொன்பது வருடம் அவருடைய பெயர்ப்பலகைக் கடையில் சித்தி எழுத்து செதுக்கினாள். கையால் ஓட்டும் பழைய மிஷின். ஒரு பக்கம் அச்செழுத்தின் பள்ளத்தில் ஊசியை நகர்த்தினால், மறுபக்கம் பிளாஸ்டிக் தகட்டில் அதே எழுத்து சின்னதாக விழும். ஊர்க்கோடித் தொழிற்சாலையில் ஒவ்வொரு வால்விலும் மாட்டிய எண் தகடு அவள் கை பட்டதுதான். பிறகு கடைக்கு நூற்று முப்பது வாட் லேசர் வந்தது. வாடிக்கையாளர்கள் முன்னால் முதலாளி அவள் பக்கம் கைகாட்டி, "இனிமே டீ குடிக்க எழுந்து போகாத ஆள் வந்தாச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவள் சொன்ன முதல் சேதியே இதுதான்: தொழிற்சாலையில் எல்லாத் தகடுகளையும் மாற்றப் போகிறார்கள். மாதிரி கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதலாளியும் கொடுக்கிறார்.

"நாலு தேசம் பாத்தவ நீ. மிஷின் கடைக்கு என்கூட வா."

"நான் பாத்தது மலையும் கடலும், சித்தி."

"வாய் இருக்குல்ல? அது போதும்."

கடையில் மேஜைமேல் வைக்கும் சிறிய மிஷின்கள் ஒரு வரிசை, கட்டில் அகலத்துக்குப் பெரியவை ஒரு வரிசை. சித்தி நேராகப் பெரியவற்றிடம் போனாள்.

"அந்தப் பெயர்ப்பலகைக் கடைக்காரர் வாங்குனாரே, அதைவிடப் பெருசா காட்டுங்க தம்பி."

விற்பனையாளருக்கு முகமெல்லாம் பல். "சூப்பர்க்கா. வாட் கூடக் கூட வெட்டுற பலமும் கூடும். பத்து மில்லி அக்ரிலிக்க வாழைத்தண்டு மாதிரி அறுக்கும்."

நான் அவள் முந்தானையை இழுத்தேன். "நீ வெட்ட வாங்குறியா, எழுத வாங்குறியா?"

சித்தி கைப்பையைத் துழாவி ஒரு தகட்டுத் துண்டை எடுத்தாள். முதலாளி கடையின் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் பொறுக்கியது. காய்கறிக்கடைக்கு ஏன் தினமும் அந்தத் தெருவைச் சுற்றிப் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றரை மில்லி உயரத்தில் எண்கள். எட்டின் வளையங்கள் உருகி அடைத்துக்கொண்டிருந்தன. ஆறும் அப்படியே. எது எது என்று சொல்ல முடியவில்லை.

"இதே எண்ணை உங்க பெரிய மிஷின்ல எழுதிக் காட்டுங்க தம்பி. எவ்வளவு பலமா எரியும்னு கேக்கல. எவ்வளவு சன்னமா எரியும்?"

அவர் சக்தியைக் குறைத்துக்கொண்டே வந்தார். பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் கதிர் விட்டுவிட்டு எரிந்தது, எண்கள் புள்ளி புள்ளியாக உதிர்ந்தன. கொஞ்சம் ஏற்றினார், உருகியது.

"லேசர் வர்ற குழாய் இதுல பெருசுக்கா. இதுக்குக் கீழ இறங்காது. கதிரும் கொஞ்சம் தடிமன்."

"அப்போ அந்த ஆளோடதும் இறங்காது."

"இறங்காது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இறங்காதுக்கா!"

சித்தி கண்ணை மூடிக் கேட்டாள், பாட்டுக் கேட்பதுபோல.

மேஜை மிஷினில் அதே எண்கள் முடி பிளந்த மாதிரி விழுந்தன. அதன் குழாயில் 'ஐம்பது வாட்' என்று ஒட்டியிருந்தது. குழாயின் நீளத்தைப் பார்த்தால் அதன் உண்மையான சக்தி தெரிந்துவிடும் என்று முந்தின நாள் நான் படித்துச் சொல்லியிருந்தேன். சித்தி தையல் டேப்பை உருவினாள்.

"எழுபது சென்டிமீட்டர். இது நாப்பதுதானே தம்பி? ஐம்பதுன்னு ஒட்டுனது யாரு, உங்க மாமனாரா?"

"கம்பெனில அப்படித்தான் அனுப்புறாங்கக்கா..."

"எனக்கு நாப்பதுதான் வேணும். நாப்பதுன்னே பில் போடுங்க."

மிஷின் சாப்பாட்டு மேஜையில் ஏறியது. குழாயைக் குளிர்விக்கத் தரையில் ஒரு வாளித் தண்ணீர். புகைபோக்கி ஜன்னல் வழியாக வெளியே. "வீடா இது, ரயில் எஞ்சினா?" என்றார் சித்தப்பா. "மூக்கைப் பொத்திக்கிட்டு சாப்பிடுங்க" என்றாள் சித்தி. முதல் வாரத்தில் அறுபது தகடு வீண். லென்ஸ் அரை மில்லி தள்ளி நின்றாலும் அவள் எண்ணை ஒத்துக்கொள்ள மாட்டாள், கழற்றி மறுபடி பூட்டுவாள்.

மாதிரி கொடுக்கும் நாளில் தொழிற்சாலை அதிகாரியின் மேஜையில் இரண்டு தகடுகளும் அருகருகே கிடந்தன. வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியைக் கூப்பிட்டார் அதிகாரி. அவர் முதலாளியின் தகட்டைக் கை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"முப்பத்தாறு."

"முப்பத்தெட்டு" என்றார் முதலாளி. "கண்ணாடியை மாத்துங்க மேஸ்திரி."

"தப்பான வால்வைத் திறந்தா கொதிதண்ணி ஊத்துறது என் தலையில. கண்ணாடியை எதுக்கு மாத்தணும்? ஆளை மாத்தணும்."

சித்தியின் தகட்டை அவர் மூச்சு விடாமல் படித்து முடித்தார். மேஜைக்கு அடியில் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்தது.

வேலை அவளுக்கு என்று முடிவானது. வாசல் கேட்டில் முதலாளி பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, எத்தனை வாட் வச்சிருக்க?"

சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நூத்தி எண்பது."

"வீட்லயா?"

"இடம் பண்ணிக்கிட்டேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே போனார். கடை மிஷினைத் தன் கையால் ஒரு நாளும் ஓட்டியவரல்ல அவர். பெரிய எண்ணாகச் சொன்னால் நம்பிவிடுவார் என்பது பத்தொன்பது வருடம் கூடவே இருந்தவளுக்குத் தெரியும்.

மறுவாரம் விற்பனையாளர் போன் செய்தார். "அக்கா, அந்தக் கடைக்காரர் உள்ள உக்காந்திருக்கார். சின்ன எழுத்து எழுத நூத்தி எண்பதுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். இன்னும் மோசமா உருகும்னு சொல்லிப் பாத்துட்டேன், நான் ஏதோ மறைக்கிறேன்கிறார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"பெரிய மனுஷன் ஆசைப்படுறார். தடுக்காதீங்க தம்பி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தப்பு பண்றேனோ?"

"தப்புதான்."

"ஆமா" என்றாள், வயிறு நிறைந்தவள்போல. அடுத்த தகட்டை மிஷினுக்குள் வைத்து மூடியை இறக்கினாள்.