அப்பாவின் இடத்தில் ஒரு ஜெர்மன்காரர்

அப்பா எந்த ரயிலுக்கும் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவார். சங்கரன்கோவில் ஸ்டேஷன் கவுண்டரில் அவர்தான் முதல் ஆள். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்கள், "அண்ணாச்சி, தென்காசிக்கு எனக்கும் ஒண்ணு எடுங்க" என்று ரூபாயை நீட்டுவார்கள். "சீக்கிரம் கெளம்புனா கால் தேஞ்சா போயிரும் வே?" என்று திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

அவர் இறந்தபோது நான் ஜெர்மனிக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் எடுக்கணும். வந்திருவியாலே?" என்று அண்ணன் போனில் கேட்டான்.

"இதுக்கும் முன்னாடியே கெளம்பிட்டாரு பாத்தியாண்ணே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் ரயில் கிளம்பப் போகிறது. டிக்கெட் மெஷின் என் கார்டைத் துப்பிவிட்டது. கவுண்டரிலோ நீண்ட வரிசை. கால்கள் எல்லோரையும் தாண்டி நடந்தன. முதலில் நின்ற பெண்மணியிடம் நோட்டை நீட்டி, "அண்ணாச்சி, ஏர்போர்ட்டுக்கு ஒண்ணு" என்றேன். ஆம், ஒரு பெண்மணியைத்தான், அதுவும் தமிழில்தான்.

வரிசையே முறைத்தது. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ திட்டிக்கொண்டே டிக்கெட்டை எடுத்து என் கையில் திணித்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தத் திட்டு எனக்குப் பழக்கமானது.

அப்பாவை எடுப்பதற்குள் வந்து சேர்ந்தேன். இப்போதெல்லாம் ஊருக்கு வந்தால் ஸ்டேஷனுக்கு நானும் சீக்கிரமே போய்விடுகிறேன். பின்னாலிருந்து யார் ரூபாயை நீட்டினாலும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன். திட்டத்தான் இன்னும் வாய் வரவில்லை.